கண்மாயில் எத்தனை மீன்? வனவிலங்குப் படிப்பு கேட்கும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை, அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்க நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேச முடியவில்லை. இராமநாதபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீங்களும் எழுந்துவிட்டீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டீர்கள்: "சார், பொம்பளப் பிள்ளையக் காட்டுக்கு அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குவேன்? அவ அப்பா சவூதியிலேருந்து போன் போடும்போதெல்லாம் நீட் கோச்சிங் என்னாச்சுன்னுதான் கேக்குறாரு." அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளம். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் மகள் வந்ததும் செல்போனைக் காட்டினாள். முகப்பில் யானைப் படம். "எனக்கு விலங்குன்னா உயிர் சார்" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அதற்கு நான் மதிப்பெண் எதுவும் போடவில்லை. விலங்கைப் பிடிக்கும் என்று சொல்லிச் சேர்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். நாலே மாதத்தில் திரும்பி வந்தான். அட்டைக் கடியைப் பொறுத்துக்கொண்டான். தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் அன்றைய எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. யானையைப் பார்ப்பது பத்து நிமிடம், அதன் லத்தியை எண்ணுவது பத்து நாள் என்று அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதனால் உங்கள் மகளிடம் பாசத்தைப் பற்றிக் கேட்காமல் ஒரு கணக்கு கொடுத்தேன். நீங்கள் அப்போது தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தீர்கள்.

கணக்கு இதுதான். ஊர்க் கண்மாயில் வலை வீசி 100 மீன் பிடிக்கிறாய். ஒவ்வொன்றின் துடுப்பிலும் சின்ன அடையாளம் போட்டு உயிரோடு விட்டுவிடுகிறாய். ஒரு வாரம் கழித்து மறுபடி வலை. 120 மீன் விழுகிறது. அதில் 12 மீனில் உன் அடையாளம் இருக்கிறது. கண்மாயில் மொத்தம் எத்தனை மீன்?

ஒரு நிமிடம் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். "120-ல 12-னா பத்துல ஒண்ணு. நான் அடையாளம் போட்ட 100-உம் மொத்தத்துல பத்துல ஒண்ணு. அப்போ ஆயிரம்" என்றாள். சரி. ஆனால் பாதிப் பிள்ளைகள் இதுவரை வந்துவிடுவார்கள். அவள் அதோடு நிற்கவில்லை. "சார், அடையாளம் போட்ட மீன் சோர்ந்துபோயி மேல மேல வந்து, அதைக் கொக்கு தூக்கிட்டுப் போயிருந்தா? ரெண்டாவது வலையில 12-க்குப் பதிலா 6-தான் கெடைக்கும். கணக்கு ரெண்டாயிரம்னு ஏறிடுமே. மீன் செத்திருக்கு, கணக்குல கூடியிருக்கு."

அம்மா, இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல ஆசைப்பட்டேன். யானைப் படத்தை நான் மறந்துவிட்டேன், இந்தக் கேள்வியை மறக்கவில்லை. சூழலியல் என்று பெரிய பெயர் வைத்துப் படிக்கும் படிப்பில் பாதி இந்தச் சந்தேகம்தான்: எண்ணிக்கை சரியா, எங்கே ஏமாறுகிறோம்?

இதில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்து என்ற இடத்தைச் சொல்வேன். நூற்றாண்டுக் கணக்காக அங்கே காட் என்ற மீன்தான் பிழைப்பு. 1980-களில் அரசு நிபுணர்கள் கடலில் இருக்கும் மீனை உள்ளதைவிட அதிகமாகக் கணித்தார்கள். மீன் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் மிச்சம் இருந்தவை ஒரே இடத்தில் திரண்டு நின்றன. படகுகள் அங்கேயே போய் வலை போட்டதால் பாடு, அதாவது வலையில் விழும் மீன், குறையவில்லை. பாடு குறையவில்லை என்றால் மீனும் குறையவில்லை என்று நினைத்தார்கள். 1992-இல் மீன்பிடிப்பையே அடியோடு நிறுத்த வேண்டி வந்தது. சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. உங்கள் மகள் கொக்கை வைத்துக் கேட்டதும் இவர்கள் கடலில் தவறவிட்டதும் ஒரே வகைத் தப்புதான்.

இந்தப் படிப்பின் மற்ற அடிப்படைகள் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் ஊர் மீன் மார்க்கெட்டிலேயே இருக்கின்றன. இது ஏப்ரல் கடைசி. விளைமீன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருப்பீர்கள். 15-ஆம் தேதியிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். மீன் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் கடலின் அடியை வலை வாரிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இது. வலையின் கண்ணி அளவுக்கு விதி இருப்பதும் இதே காரணத்துக்காக: குஞ்சு தப்பிப் போய், ஒரு தடவையாவது முட்டையிட்டுவிட்டு வலையில் விழட்டும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. ஒரு கண்மாய் 10,000 மீனைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இதைத் தாங்கு திறன் என்பார்கள். 500 மீன் மட்டும் இருந்தால் குஞ்சு பொரிக்கத் தாய் மீன் போதாது, பெருக்கம் மெதுவாக நடக்கும். 10,000-மும் இருந்தால் இரை போதாது, அப்போதும் பெருகாது. நடுவில், 5,000 வாக்கில் இருக்கும்போதுதான் ஆண்டுக்கு அதிகமாகக் கூடும். கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டால் வருடா வருடம் எடுக்கலாம். பாடப் புத்தகத்தில் இது ஒரு பக்கம். நடைமுறையில் அந்த 10,000 என்ற எண்ணை யாரும் வந்து நம் கையில் தரமாட்டார்கள். மழை பொய்த்த வருடம் அதுவே 3,000 ஆகிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எப்போதும் பாதிக்கு மேலேயே மீனை விட்டுவைப்பார்கள்.

தாங்கு திறனைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அலாஸ்கா பக்கம் செயின்ட் மேத்யூ என்ற ஆளில்லாத தீவு ஒன்று உண்டு. 1944-இல் அங்கே 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அடித்துத் தின்ன ஓநாய் கிடையாது. 1963-இல் எண்ணினால் சுமார் 6,000. இருந்த பாசியையெல்லாம் மேய்ந்து தீர்த்திருந்தன. அடுத்த கடுங்குளிர் தாண்டி 1966-இல் போய்ப் பார்த்தபோது மிஞ்சியவை 42. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஓநாய் இல்லாத இடம் மானுக்குச் சொர்க்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால், கல்லூரிக்குப் போகும் முன்பே அந்த எண்ணம் கலையட்டும்.

காட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். நம் மாநில விலங்கு வரையாடு. அது வாழ்வது மலை உச்சிப் புல்வெளியில். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்தப் புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து, தைல மரமும் சீகை மரமும் நட்டு மூடினார்கள். மரம் நடுவது புண்ணியம் என்றுதானே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்? வரையாட்டுக்கு அது வீட்டைப் பூட்டியதுபோல் ஆயிற்று. இப்போது அந்த மரங்களை அகற்றும் வேலைக்கு அரசே பணம் ஒதுக்குகிறது. எந்த உயிருக்கு எது வாழிடம் என்று தெரியாமல் செய்யும் நல்ல காரியம் இப்படித்தான் முடியும்.

2024-இல் தமிழ்நாட்டில் வரையாடுகள் 1,031 என்றார்கள், 2025-இல் 1,303 என்றார்கள். பேப்பரில் படிப்பவருக்கு இது மகிழ்ச்சியான செய்தி. இந்தப் படிப்பு படித்தவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: இரண்டாம் தடவை எத்தனை மலைகளில் தேடினார்கள், முதல் தடவை எத்தனை? கொக்கைப் பற்றிக் கேட்டவள் இதையும் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் தூக்கத்துக்கு வருவோம்.

காட்டில் களப்பணி என்றால் தனியாக ஒரு பெண்ணை மரத்தடியில் விட்டுவிட்டு வருவது அல்ல. குழுவாகப் போவார்கள். தடம் பார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆள், பெரும்பாலும் பழங்குடி மக்களில் ஒருவர், முன்னால் நடப்பார். ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்; யானை யானைதான். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி கழிவது மேசையில்: புள்ளியியல், வரைபடம், அறிக்கை. கணக்கு வேண்டாம் என்று உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையான காடு. மகளிடம் புள்ளியியலை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

வேலை? இதில் நான் சர்க்கரை தடவப் போவதில்லை. வனவிலங்கு ஆராய்ச்சியில் ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் திட்டம் இருக்கும்வரை மட்டுமே. இரண்டு மூன்று வருடத்தில் திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். முதுநிலைக்குப் பிறகு எழுதும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் (இது நீட் இல்லை) இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். அது வாங்கும்வரை கை கடிக்கும். ஐந்தாறு வருடம் மகளின் சம்பளத்தை எதிர்பார்க்காமல் குடும்பம் ஓடுமா என்று அவள் அப்பாவோடு வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஓடாது என்றால் அதில் வெட்கம் ஒன்றுமில்லை, வேறு பாதை இருக்கிறது.

அந்தப் பாதை மீன்வளம். பி.எஃப்.எஸ்சி. என்ற நான்கு வருட மீன்வள அறிவியல் இளநிலைப் படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. தூத்துக்குடிக் கல்லூரி 1977-இலிருந்து நடக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். நீட் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். மேலே சொன்ன கணக்கு அத்தனையும் இதிலும் உண்டு. கூடவே இறால் பண்ணை, குஞ்சு பொரிப்பகம், ஏற்றுமதித் தரக்கட்டுப்பாடு என்று தனியார் வேலைகள் இருக்கின்றன. மீன்வளத் துறையில் ஆய்வாளர், உதவி இயக்குநர் பணிகளுக்குத் தேர்வு வரும். பலருக்குத் தெரியாத ஒன்று: வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கு இந்தப் பட்டமும் செல்லும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் நான்கு வருட வனவியல் பட்டமும் செல்லும். அவள் அப்பாவிடம் போனில் இதை முதலில் சொல்லுங்கள்.

வனவிலங்குதான் என்று நின்றால், இளநிலையில் விலங்கியல் படிக்கட்டும் என்பது என் கருத்து. முதுநிலையில் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூருவில் உயிரியல் ஆராய்ச்சி மையமான என்.சி.பி.எஸ்.-உம் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். இடம் மிகக் குறைவு, போட்டி கடுமை. இளநிலையிலேயே வனவிலங்கு உயிரியல் என்ற பெயர் பார்த்ததும் ஓடிப்போய்ச் சேராதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம், பட்டத்தின் பெயர். இந்திய வனப் பணித் தேர்வு எழுத எந்தெந்தப் பட்டம் செல்லும் என்று அறிவிக்கையில் பட்டியல் போட்டிருப்பார்கள். விலங்கியல், தாவரவியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், வனவியல், வேளாண்மை, பொறியியல், கால்நடை மருத்துவம் எல்லாம் உண்டு. வனவிலங்கு உயிரியல் என்ற பெயரும் மீன்வளம் என்ற பெயரும் அதில் இல்லை. ஒரு நாள் ஐ.எஃப்.எஸ். அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை மனசின் ஓரத்தில் இருந்தாலும், சேரும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் தேர்வுகளுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பை முடித்துவிட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வனவிலங்கானாலும் மீன்வளமானாலும் மேலாண்மை என்று ஒரு சொல் வரும், அது மீனையோ மானையோ மேய்ப்பதல்ல. மனிதர்களோடு பேசுவது. 61 நாள் தடை என்று சொல்வது எளிது; அந்த 61 நாளும் படகுக்காரர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதற்காகத்தான் அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது போதுமா என்று உங்கள் பக்கத்துத் தெருவில் கேட்டாலே பதில் கிடைக்கும். பாக் விரிகுடாப் பக்கம் 2022-இல் கடல் பசுவுக்கு என்று 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். கடற்புல் மேயும் அந்த விலங்கு வலையில் சிக்கும்போது, வலையை அறுத்து விடுவதா என்று முடிவெடுப்பவர் மீனவர்தான். வலையின் விலை அவருக்குத்தான் தெரியும். உங்கள் மகள் வீட்டுக்கு வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவாளா? அதை நான் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. பறவைகள் சரணாலயம்; 2025-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தினமும் காலை ஆறரைக்கு, ஒரே கரையில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்கட்டும். தம்பியையும் துணைக்கு அனுப்புங்கள். நத்தைகுத்தி நாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை, தண்ணீர் எந்தக் கல்வரை நிற்கிறது என்று நோட்டில் எழுதட்டும். முப்பது நாள். போன் கேமரா வேண்டாம், பேனா போதும்.

மே பாதிக்கு மேல் தண்ணீர் வற்றும், பறவையும் போய்விடும். அப்போது பிள்ளைகள் வழக்கமாகப் போவதை நிறுத்திவிடுவார்கள், அல்லது அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். அடுத்த முறை வரும்போது நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வாரத்துப் பக்கங்களை நான் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன். பறவை ஒன்றுகூட வராத நாளில் சைபர் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டிருக்கிறாளா என்றுதான் முதலில் பார்ப்பேன்.