திருக்குறள், கீதை, ஸ்டோயிக் தத்துவம் எல்லாம் நிர்வாகத்துக்கு நிஜமாகவே உதவுமா?

"பழைய தத்துவ நூல்களைப் படித்து அதன்படி ஆட்களை நிர்வகித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, இல்லை இதெல்லாம் மேடைப் பேச்சுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் இப்போதுதான் டீம் லீடர் ஆகியிருக்கிறீர்கள், கம்பெனியில் ஏதோ பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உதவும். ஆனால் யாருக்குச் சொன்னதை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் ஆலையில் பிட்டராகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். எந்த ஆலை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கடைசிக் காலத்தில் எங்களை பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டலுக்கு பஸ் வைத்து அழைத்துப்போய் தலைமைப் பண்பு வகுப்பு எடுத்தார்கள். முதல் படமே நடுக்கடலில் புயல், கப்பல், விறைப்பாக ஒரு கேப்டன். கடலூர்க்காரனிடம் வந்து புயல் படம் காட்டுகிறார் பாருங்கள்! 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்ததே, அன்றைக்கு எங்கள் ஊரில் நிற்காத மரமும் கம்பமும்தான் அதிகம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போய், தலைமுறைச் சொத்தை இழந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த டிவிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாழ்வு மண்டலம் என்றால் மைக்கோடு சில்வர் பீச்சில் வந்து நிற்பார்கள், காற்று ஓய்ந்ததும் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. சரி, அது வேறு கதை.

அந்த வகுப்பில் அடுத்து வந்தது குறள். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே மெய் வருத்திக் கூலி வாங்குகிறவர்கள். அவர்களிடம் போய் இதைச் சொன்னால் என்ன அர்த்தம்? இந்தக் குறள் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 619வது. பொருட்பாலில் 39 முதல் 63 வரை உள்ள 25 அதிகாரமும் அரசியல் பகுதி, அதாவது ஆளுகிறவனுக்குச் சொன்னது. சோம்பி உட்காராதே என்று நாற்காலியில் இருப்பவனைச் சொன்னதை, எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள்.

கீதைக்கும் இதே கதிதான். ஒரு தீபாவளிக்கு கான்ட்ராக்ட் ஆட்கள் போனஸ் கேட்டுப் போனார்கள். அப்போது இருந்த 1965ஆம் வருட போனஸ் சட்டப்படி தகுதி உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், பிச்சை ஒன்றுமில்லை. பர்சனல் ஆபீசில் இருந்தவர் சிரித்துக்கொண்டே "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே" என்றார். கண்ணன் அதை வில்லும் தேரும் வைத்திருந்த அர்ஜுனனிடம் சொன்னார் ஐயா, தினக்கூலியிடம் சொல்லவில்லை. (நான் சாமி கும்பிடுகிறவன்தான். கீதையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கமெண்டில் கிளம்ப வேண்டாம்.)

ஸ்டோயிக் என்பது நம் கையில் இல்லாததற்குக் கலங்காதே என்கிற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவம்; அதில் பெரிய பெயரான மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட சக்கரவர்த்தி. கோபப்படாதே, புகழுக்கு மயங்காதே என்றெல்லாம் அவர் தனக்குத்தானே எழுதிக்கொண்டார். ஊழியர்களுக்கு சர்க்குலர் அனுப்பவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பார்த்தது ஒரே ஒரு ஆள், எங்கள் பழைய பிளான்ட் மேனேஜர். முன்கோபி. குறள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒரு ஷட்டவுனில், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்தபோது, டொலுயீன் என்கிற தீப்பிடிக்கும் திரவம் வைக்கும் டேங்க் ஒன்றில் அடிப்பக்கம் நாசில் (குழாய் மாட்டும் வாய்) வெல்டிங் வேலை. தண்ணீர் விட்டுக் கழுவி, ஸ்டீம் போட்டு, மேன்ஹோலைத் திறந்து வைத்திருந்தார்கள். மேலே மேன்ஹோல் வாயில், எரியும் ஆவி இருக்கிறதா என்று பார்க்கும் கேஸ் மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஹாட் ஒர்க் பெர்மிட்டில், அதாவது தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டில், வேலை எடுக்கிறவன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடவில்லை. பக்கத்து டேங்கிலிருந்து வரும் அடி லைனில் வால்வை மூடியிருந்தார்களே தவிர பிளைண்ட் (குழாயை அடைக்கும் தகடு) போடவில்லை. வால்வு பாஸ் ஆகாது, அதாவது கசியாது என்று யார் உத்தரவாதம் தருவது? டொலுயீன் ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் படுத்துக் கிடக்கும். மேலே பார்த்த பூஜ்யத்தை வைத்து ஒரு பையனை உள்ளே இறக்கி வெல்டிங் டார்ச்சைக் கொடுக்க முடியுமா?

"யோவ், மீட்டரைவிட உனக்குத் தெரியுமா?" என்று மேனேஜர் பெர்மிட் புத்தகத்தை மேஜையில் அடித்துவிட்டுப் போனார். நானும் பேசாமல் டீக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே மீட்டரில் நீள ஹோஸ் மாட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஹோஸை டேங்கின் அடிவரை இறக்கினார். மீட்டர் கத்த ஆரம்பித்தது. "பிளைண்ட் போடுங்கப்பா" என்றார், அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை, அன்று ஷெட்யூல் தள்ளிப்போனதற்கு மேலிடத்தில் திட்டு வாங்கியதும் அவர்தான்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் விஷயம். ஒவ்வொரு ஷட்டவுன் மீட்டிங்கிலும் தான் வாய் திறக்கும் முன் பிட்டர், வெல்டர், ஆபரேட்டர் என்று கீழிருந்து கேட்பார்: "எதுக்கு ஒத்துக்க மாட்டேன்னு சொல்லு முதல்ல." இன்ஜினியர்கள் கடைசி, அவர் அதற்கும் கடைசி. மேனேஜர் முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானுங் கெடும்" என்று 448வது குறள். கண்டித்துச் சொல்ல ஆள் இல்லாதவனைக் கெடுக்க எதிரியே தேவையில்லை என்கிறது. அப்படிச் சொல்லும் ஆள் தானாக வர மாட்டான். கேட்டு, பொறுத்து, அவனுக்கு இன்க்ரிமென்டில் கை வைக்காமல் இருந்தால்தான் வருவான்.

"எல்லாம் சேஃப்டி விதியிலேயே இருக்கிறதே, இதற்குக் குறள் எதற்கு?" என்று ஒருவர் கேட்பார். விதி அன்றைக்கும் இருந்தது, சுவரில் லேமினேட் செய்து மாட்டியிருந்தது.

இன்னொன்று. ரோம் வரை போகும் பயிற்சியாளர்களுக்கு வடலூர் கண்ணில் படுவதே இல்லை. வள்ளலார் 1867இல் ஆரம்பித்த தருமசாலையில் இன்றைக்கும் அடுப்பு எரிகிறது, வருகிறவர்களுக்குச் சோறு கிடைக்கிறது. ஆரம்பித்தவர் போன பிறகும் ஒரு வேலை நடந்துகொண்டே இருப்பது எப்படி என்று ஒரு நாள் அங்கே உட்கார வைத்து வகுப்பு எடுத்திருக்கலாம். ஹோட்டல் வாடகையும் மிச்சம்.

என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த 25 அதிகாரம் போதும். 45வது, பெரியாரைத் துணைக்கோடல், அதை முதலில் படியுங்கள். எந்த உரை நல்லது என்று மட்டும் இங்கே கேட்டுவிடாதீர்கள், சண்டை வரும். வீட்டில் எது இருக்கிறதோ அதைப் புரட்டுங்கள்.