பூனையின் வயிறு அடிக்கடி கெடுவது ஏன்? மலையக வாசகர்களின் கேள்விகளும் மிருக வைத்தியரின் பதில்களும்

பூனைக்கு ஒரு நாள் வயிறு கெட்டு மறுநாள் சரியாகிவிட்டால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து, தானாக நின்று, சில நாட்களில் மறுபடியும் வருமானால்தான் தேட வேண்டும். இம்முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் யாவும் அவ்வகையானவை. எழுதியவர்களில் அநேகர் "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்றே கடிதத்தை முடித்திருந்தார்கள். நான் மருந்தைப் பற்றிக் குறைவாகவே சொல்லியிருக்கிறேன்.

தலவாக்கலை: எங்கள் மூன்று வயதுக் கடுவன் பூனைக்கு நான்கு மாதமாக வயிற்றோட்டம் வந்து வந்து போகிறது. பூச்சி மருந்து கொடுத்தோம், உணவை மாற்றினோம், பாலை நிறுத்தினோம், பாமசியில் ஒரு சிரப்பும் வாங்கிக் கொடுத்தோம். பத்து நாள் நன்றாக இருந்து மறுபடியும் தொடங்கிவிட்டது.

இந்த நான்கையும் ஒரே வாரத்தில் செய்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே அந்தப் பத்து நாள் சுகத்துக்கு எது காரணம் என்பதை உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதற்குக் குறைந்தது இரண்டு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் கோடு போட்டு, திகதி, பூனை தின்றவை, மலம் எத்தனை தடவை எப்படிப் போனது, வாந்தி உண்டா, அன்று வீட்டில் வழக்கத்துக்கு மாறாக ஏதும் நடந்ததா என்று எழுதி வாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பெண்மணி ஒருவர் அப்படியொரு கொப்பியை என்னிடம் கொண்டுவந்தார். மூன்று மாதக் குறிப்பிலும் வயிற்றோட்டம் 11ஆம் திகதிக்கும் 14ஆம் திகதிக்கும் இடையிலேயே விழுந்திருந்தது. அவர்களுக்கு 10ஆம் திகதி சம்பளம். அன்று மாலை வீட்டுக்குக் கோழி வரும். கழித்த தோல், கொழுப்பு, குடல் எல்லாம் பச்சையாகப் பூனைக்குப் போகும். அதற்கு முன் நான் எழுதிக்கொடுத்திருந்த இரண்டு மருந்துகளும் வீண் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

மலத்தின் தன்மையை எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நாளுக்கு இரண்டு மூன்று தடவை அதிக அளவில் தண்ணீராகப் போய், பூனையும் மெலிந்து வருமானால் கோளாறு பெரும்பாலும் சிறுகுடலில் இருக்கும். அடிக்கடி முக்கி முக்கிச் சிறிது சிறிதாகப் போய், சளியோ சிவந்த இரத்தத் துளியோ கலந்திருந்து, எடையும் குறையாமல் இருந்தால் பெருங்குடலைச் சந்தேகிக்க வேண்டும். பீலித் தண்ணீரையும் கான் தண்ணீரையும் குடித்துத் திரியும் பூனைக்கு ஜியார்டியா என்ற ஒற்றைக்கல உயிரி தொற்றுவதற்கு வாய்ப்பு உண்டு. அது பொதுவாகச் சிறுகுடலில் குடியிருப்பது. இளம் பூனைகளின் பெருங்குடலைப் பிடித்து, நாற்றமடிக்கும் வயிற்றோட்டத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் இன்னொரு உயிரி டிரைடிரைக்கோமோனஸ். ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது. ஆதலால் ஒரு தடவை கொடுத்த மலத்தில் "ஒன்றும் இல்லை" என்று அறிக்கை வந்தால் அதோடு விட்டுவிடாமல், மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்த மலத்தைச் சோதிக்கக் கொடுங்கள். டிரைடிரைக்கோமோனஸைத் தேடுவதானால் மலம் புதிதாக இருக்க வேண்டும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அந்த உயிரி செத்துப்போய்ச் சோதனையில் அகப்படாது.

நுவரெலியா: ஐந்து வயதுப் பூனை. வாரத்தில் இரண்டு நாள் சாப்பிட்டதை அப்படியே வெளியே தள்ளுகிறது. முடி உருண்டைதான், கவலைப்பட வேண்டாம் என்கிறார்கள்.

முடியின் மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. நீண்ட முடியுள்ள பூனை எப்போதாவது ஓர் உருண்டையைக் கக்குவது இயல்புதான். வாரந்தோறும் கக்குமானால், குடல் சரியாக அசையவில்லையா, அல்லது அரிப்பினால் உடம்பை அளவுக்கு மீறி நக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வயிறு உள்வாங்கிக் குலுங்கி, சத்தத்தோடு வெளியே வருவது வாந்தி. எந்த முயற்சியும் இல்லாமல் தலையைத் தாழ்த்தியவுடன், மெல்லாத உணவு குழாய் வடிவத்தில் வழுக்கி விழுவது எதுக்களித்தல். அது உணவுக் குழாயின் கோளாறு. கைப்பேசியில் ஒரு தடவை படம் பிடித்தால் அரை நிமிடத்தில் வேறுபாடு தெரிந்துவிடும். வீட்டில் இன்னொரு பூனை இருந்து, இரண்டும் போட்டிக்கு விழுங்குகின்றன என்றால், தனித்தனி அறையில், தட்டையான தட்டில் பரப்பி, சிறிய பங்குகளாக நான்கு வேளை வைத்துப் பாருங்கள்.

நுவரெலியாவிலிருந்தே இன்னொருவர்: கம்பளி பின்னும்போது நூலோடு விளையாடும் பூனை இரண்டு நாளாக விட்டு விட்டு வாந்தி எடுக்கிறது. சாப்பிடவும் மாட்டேன் என்கிறது.

இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் சுருக்குப்பை போலச் சுருங்கி, நூல் அதை அறுக்கத் தொடங்கும். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படிப்பட்ட ஒரு பூனைக்கு வாந்தியை நிறுத்தும் ஊசியை மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் வேறொருவர் நாக்கைத் தூக்கிப் பார்த்தபோது அங்கே பச்சைக் கம்பளி நூல் இருந்தது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கக் கண்டால் எக்காரணம் கொண்டும் இழுக்க வேண்டாம்.

பண்டாரவளை: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் பூச்சி மருந்து கொடுக்கிறோம். இருந்தும் வாலடியில் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது.

அது நாடாப்புழுவின் துண்டு. நீங்கள் கொடுக்கும் மருந்து உருண்டைப் புழுவுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். உறையில் பிராசிகுவான்டல் என்ற பெயர் உண்டா என்று பாருங்கள். அந்த மருந்தையே கொடுத்திருந்தாலும், பூனையின் உடம்பில் தெள்ளு இருக்கும்வரை நாடாப்புழு திரும்ப வரும். முட்டை தெள்ளின் குடம்பிக்குள் போகிறது. வளர்ந்த தெள்ளைப் பூனை நக்கி விழுங்குகிறது. எலி பிடிக்கும் பூனைக்கு எலியின் வழியாக வரும் இன்னொரு வகையும் இருக்கிறது. பூனை படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். நாய்க்கென்று விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பூச வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

ஹட்டன்: எங்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. பூனைக்குச் சோறு, பருப்பு, கரைத்த பால்மா, சில நாள் நெத்தலிக் கருவாடு. கடையில் விற்கும் பூனை உணவு கொடுத்தால் வயிறு போகிறது. உணவு ஒவ்வாமையா?

ஒவ்வாமை என்று சொல்லுமுன் அதைவிட எளிய இரண்டு காரணங்களைக் கழித்துக் கட்ட வேண்டும். முதலாவது திடீர் மாற்றம். சோற்றுக்குப் பழகிய குடலுக்கு ஒரே நாளில் புதிய உணவைக் கொடுத்தால் அது தாங்காது. பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து ஏழு முதல் பத்து நாட்களில் மாற்ற வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் இறக்குமதி உணவு அலமாரிகளிலிருந்து மறைந்தபோதும் இதே தொல்லையோடு பலர் வந்தார்கள். அப்போது மாற்றம் எதிர்த்திசையில் நடந்தது. இரண்டாவது பால். தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் குறைந்துவிடுகிறது. பால்மாவிலும் அதே சர்க்கரைதான் இருக்கிறது. ஆகவே முதலில் பாலை மட்டும் நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால் விலக்கு உணவுச் சோதனைக்குப் போகலாம். பூனை இதுவரை தின்றிராத ஒரே ஒரு இறைச்சியைத் தேர்ந்து, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் அவித்து, அதை மட்டும் கொடுக்க வேண்டும். மீன், கோழி, மாட்டிறைச்சி ஆகியவையே பூனைக்கு அதிகம் ஒவ்வாதவை என்பதால் ஆட்டிறைச்சியோ காடையோ பொருந்தும். வயிற்றுக் கோளாறு உணவினால் வந்ததானால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மாற்றம் தெரியும். தெரிந்த பின் பழைய உணவை மறுபடியும் கொடுத்துப் பார்த்து, கோளாறு திரும்பினால்தான் காரணம் உறுதியாகும். பலர் இந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை. சோதனை தோற்பதற்கு வழக்கமான காரணம் அக்கம்பக்கம். லயத்துப் பூனைக்கு ஒரு வீடு என்பது பெயருக்குத்தான். தொங்கல் காம்பராவில் ஒரு துண்டு கருவாடு கிடைத்தால் உங்கள் இரண்டு வாரமும் போய்விட்டது. அந்த நாட்களில் பூனையை உள்ளேயே வைத்திருங்கள்.

உங்கள் பூனை மரக்கறி உணவில் நெடுநாள் வாழ முடியாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. டோரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. அது குறைந்தால் பார்வை கெடும். இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் அந்தக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு 1987இலேயே நிறுவப்பட்டுவிட்டது. சோறும் பருப்பும் அதை ஈடுசெய்யா.

வெலிமடை: மரக்கறித் தோட்டத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. பூவைத் தின்று வயிறு கெடுமா?

கெடும், ஆனால் எந்தப் பூ என்பது முக்கியம். ஓடைக்கரையில் தானாக வளரும் வெள்ளை ஆரம் லில்லியைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து எச்சில் வடியும், வாந்தியும் வரலாம், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உண்மையான லில்லி வகைகளும் டே லில்லியும் அப்படியல்ல. அவற்றின் மகரந்தத்தை உடம்பிலிருந்து நக்கினாலே போதும், ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். நடுவில் தேறிவிட்டது போலத் தெரிவது வெறும் ஏமாற்றம். அந்தப் பூச்சாடி பூனையுள்ள வீட்டில் இருக்கவே கூடாது. மற்றப்படி, மருந்தடிக்கும் நாட்களையும் கொப்பியில் குறியுங்கள். மருந்தடித்த அன்று எச்சில் வடிதல், நடுக்கம், சுருங்கிய கண்மணி ஆகியவற்றோடு வயிற்றோட்டமும் வந்தால் அது பூச்சிகொல்லி நஞ்சாக இருக்கலாம். அதற்கு நாளை என்ற பேச்சே இல்லை.

பதுளை: பதின்மூன்று வயதுப் பூனை. முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுகிறது, ஆனால் மெலிகிறது. வாரத்தில் மூன்று நாள் வாந்தி.

வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதன் காரணம் அகப்படாது. பத்து வயது கடந்த பூனை நன்றாகத் தின்றும் மெலிந்தால் தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்கிறதா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். தண்ணீரும் அதிகம் குடிக்குமானால் சிறுநீரகத்தையும் நீரிழிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவை மூன்றும் இல்லையென்றால்தான் குடலின் நாட்பட்ட அழற்சி, குடற்புற்று என்று தேடல் நீளும். வாரம் ஒரு தடவை பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின் தனியே ஏறி, வித்தியாசத்தைக் குறியுங்கள். நான்கு கிலோப் பூனை 400 கிராம் குறைவது அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ குறைவதற்குச் சமம்.

மஸ்கெலியா: வயிற்றுவலிக்கு அரைப் பரசிட்டமோல் கொடுக்கலாமா?

கூடாது. அந்த அரை மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும்.

இராகலை: பேராதனைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன ஆயத்தம் தேவை?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் பீடத்துப் போதனா வைத்தியசாலைக்கு என்றால், முதலில் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். கொப்பி, கைப்பேசியில் பிடித்த படம், இதுவரை கொடுத்த மருந்துகளின் உறைகள், அன்று காலை எடுத்த மலம் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். இரத்தமும் ஸ்கேனும் எடுக்கலாம் என்பதால் எத்தனை மணித்தியாலம் பட்டினி தேவை என்பதையும் கேளுங்கள். ஆனால் பூனையை நாட்கணக்கில் பட்டினி போட வேண்டாம், பருத்த பூனைக்கு அதுவே ஈரலைக் கெடுக்கும். கூடையின் மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். றம்பொடை வளைவுகளில் பூனை எடுக்கும் வாந்தியை மட்டும் கொப்பியில் எழுத வேண்டாம்.