பல்லாவரத்துக் கல்லும் பனிக்கண்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்டார்க்டிகாவில் ஒரு கோடைக்காலம் நிலவியல் களப்பணி செய்தது பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையை என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். டர்பனில் பல்கலைக்கழகத்தில் நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. சென்னைப் பல்லாவரத்துச் சார்னோகைட் கல் அண்டார்க்டிகாவிலும் உண்டு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அப்படியானால் தமிழகமும் தென்துருவமும் ஒட்டியிருந்தன என்பதற்கு அந்தக் கல்லே சான்றாகாதா? பெரியவர்கள் சொன்ன குமரிக்கண்டத்தை அறிவியல் ஒப்புக்கொள்கிறது என்று கொள்ளலாமா? இரண்டு இடத்திலும் ஒரே கல் என்று தெரிந்த பிறகும் ஆண்டுதோறும் கேப் டவுனிலிருந்து கப்பலேறிப் போய் மேலும் கல் பொறுக்குவது எதற்காக? பொன்னும் வைரமும் தேடுகிறார்கள் என்று என் நண்பர்கள் சாதிக்கிறார்கள். பேத்திக்கும் அங்கே போக ஆசை இருப்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

பொன், வைரம் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அண்டார்க்டிக் உடன்படிக்கையின் சுற்றுச்சூழல் நெறிமுறை 1991இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்தது. அறிவியல் ஆய்வு தவிர வேறெந்தக் கனிமப் பணியும் அங்கே கூடாது என்பது அதன் விதி. 1959இல் மூல உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பன்னிரண்டு நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. பொற்சுரங்கங்களைச் சுற்றி நகரங்கள் எழுந்த நாட்டில் கல் பொறுக்குகிறவன் எவனையும் பொன் தேடுகிறவன் என்றே நினைப்பார்கள். தங்கள் நண்பர்கள் மேல் குறையில்லை.

குறை என் வரியில்தான் இருந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிக அதிகாரியின் கல்லறையில் பதித்திருக்கும் கல் பல்லாவரப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் கல்லறைக்குள் கிடப்பவரின் பெயரையே கல்லுக்கு இட்டார். பச்சையோடிய கருநிறமும் எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பும் உடைய அந்தக் கல், நீர் மிகக் குறைந்தும் வெப்பம் மிகுந்தும் இருக்கிற நிலத்தடி ஆழத்தில் உருவாகிறது. அத்தகைய சூழல் பூமியின் வரலாற்றில் பல இடங்களில், பல காலங்களில் அமைந்திருக்கிறது. சென்னைப் பக்கத்துச் சார்னோகைட்டுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது. டர்பன் இருக்கும் நம் நேட்டாலின் தென்கரையில், போர்ட் ஷெப்ஸ்டோனுக்கு அருகே ஒரிபிப் பள்ளத்தாக்குப் பகுதியில் இருப்பதற்கு 100 கோடி ஆண்டுக்குச் சற்றே மேல். அண்டார்க்டிகாவின் குயின் மாட் லாண்டில் பெரிய அளவில் காணப்படுவதற்கு ஏறத்தாழ 50 கோடி. கையில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத் தோன்றும். ஆனால் மூத்ததற்கும் இளையதற்கும் இடையே 200 கோடி ஆண்டு இடைவெளி.

இதைத் தங்களுக்கு விளக்குவது எளிது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நேட்டாலில் வாழும் நம்மவர்களில் பலர் இதே சிக்கலைக் குடும்ப அளவில் சந்தித்திருக்கிறார்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்களின் கப்பல் பட்டியல்களைப் புரட்டிப் பாட்டனின் ஊரைத் தேடியவர்களுக்கு, முனுசாமி என்ற பெயர் கிடைத்துவிட்டதால் ஒன்றும் தீர்ந்துவிடாது என்பது தெரியும். முனுசாமிகள் கப்பலுக்குக் கப்பல் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒன்றாகக் கொடுத்த எண், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், கிராமம், உடம்பின் அடையாளத் தழும்பு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்திய பிறகே இவர் நம் பாட்டன் என்று சொல்ல முடியும். கல்லுக்குச் சார்னோகைட் என்ற பெயர் இருப்பது முனுசாமி என்ற பெயர் இருப்பதைப் போன்றது. தகப்பன் பெயரையும் தழும்பையும் எழுதிக்கொண்டு வருவதற்குத்தான் கப்பலேறிப் போகிறோம்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சென்ற கட்டுரையில் பென்குவின்களைப் பற்றிச் சொல்லும் ஆர்வத்தில் விட்டுவிட்டேன். தென்னாப்பிரிக்காவின் சனே நான்காம் நிலையம், கடலோரப் பனித்தட்டின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் உள்ளே, வெஸ்லெஸ்கார்வெட் என்னும் பாறைமுகட்டின் மேல் தூண்கள் மீது நிற்கிறது. 1997இல் கட்டி முடிக்கப்பட்டது. பனிக்கு மேலே தலைநீட்டும் இத்தகைய முகடுகளை, கிரீன்லாந்து மக்களின் சொல்லைக் கடன் வாங்கி, நுனடாக் என்கிறோம். கண்டத்தின் பரப்பில் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவாகவே பாறை வெளியே தெரிகிறது. மற்றதெல்லாம் சராசரியாக ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தடித்த பனியின் கீழ் கிடக்கிறது. கப்பலிலிருந்தோ நிலையத்திலிருந்தோ ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்ட சிறு குழு, கூம்புக் கூடாரம் அடித்து, பனியை உருக்கிக் குடித்து, காலையும் மாலையும் வானொலியில் நிலையத்துக்குத் தன் நலம் சொல்லிக்கொண்டு, நுனடாக்குக்கு நுனடாக் பனி ஸ்கூட்டரில் போகும். வழியில் பனிப்பிளவுகள் இருப்பதால் ஆளோடு ஆள் கயிறு கட்டிக்கொள்ள நேரும். வெண்மூட்டம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, இரண்டு நாளோ மூன்று நாளோ கூடாரத்துக்குள் கிடக்க வேண்டியதுதான்.

பாறையை அடைந்ததும் முதல் கேள்வி, இது இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்பது. உறைபனி பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து அதைப் பிளந்து பிளந்து போடுவதால், நுனடாக்கின் சரிவுகள் முழுவதும் உதிர்கல் குவிந்திருக்கும். பனியாறு எங்கிருந்தோ கொண்டுவந்து தள்ளிய கற்களும் அவற்றோடு கலந்திருக்கும். அழகான கல் பெரும்பாலும் இந்தக் குவியலில்தான் கிடைக்கும். அதற்கு ஊரும் பேரும் கிடையாது. வேரோடு நிற்கும் பாறையைக் கண்டபின், அதன் அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, எது எதை ஊடுருவியிருக்கிறது என்பதையெல்லாம் பென்சிலால் குறிக்கிறோம். பேனா மை உறைந்துவிடும். பெயர்த்தெடுப்பதற்கு முன்பே கல்லின் முகத்தில் கிடைக்கோடு ஒன்று வரைந்து, மேற்பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி இட வேண்டும். காந்தத் தன்மை மிகுந்த கரும்பாறைகளின் அருகே திசைகாட்டியை நம்ப முடியாது. அங்கே சூரியனின் நிழலை நேரத்தோடு சேர்த்துக் குறித்துத் திசையைக் கணக்கிடுகிறோம். பாறை இடுக்குகளில் முட்டையிடும் பனிப் பெட்ரல் பறவைகள், பக்கத்தில் போனால் வயிற்றிலிருந்து நாற்றமெடுத்த எண்ணெயை நம் மேல் உமிழும். என் சட்டை ஊர் திரும்பிய பிறகும் மணத்துக்கொண்டுதான் இருந்தது.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மாலை (சூரியன் மறையாத ஊரில் மாலை என்பது கைக்கடிகாரம் சொல்வதுதான்) காற்று எழும்பவே அவசரப்பட்டு, ஆறு கற்களை அம்புக்குறி இடாமல் பைக்குள் போட்டேன். கூடாரத்துக்குப் போய் நினைவிலிருந்து குறித்துவிடலாம் என்று எண்ணினேன். கூடாரத்தில் உருட்டிப் பார்த்தபோது எது மேல், எது கீழ் என்று ஒன்றிலும் சொல்ல முடியவில்லை. அவற்றின் வயதை ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் கல்லுக்குள் இருக்கும் சிர்கான் படிகத்தில் யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கு, கல்லை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் மாறுவதில்லை. ஆனால் அந்தப் பாறை எந்தத் திசையில் நெருக்குண்டு மடங்கியது என்ற கேள்விக்கு அந்த ஆறு கற்களும் வாய் திறக்கவில்லை. அதில் ஒன்று இன்று என் மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது.

இவ்வாறு சேர்த்த குறிப்புகளால் நிலைபெற்ற உறவுகள் உண்டு; அவற்றில் ஒன்று நேட்டாலுக்கே உரியது. சனே நிலையம் இருக்கும் வட்டாரத்துக்கு அடியில் கிடப்பது, ஆப்பிரிக்காவின் பழைய நிலப்பாளமான காலஹாரியிலிருந்து பிரிந்துபோன துண்டு. அதன் அடித்தளம் அன்னன்டாக்ஸ்டோப்பானே என்ற சிறு முகடுகளில் மட்டுமே வெளியே தெரிகிறது. அங்குள்ள கிரானைட் கல்லுக்கு 300 கோடி ஆண்டுக்கு மேல் வயது. அந்தத் துண்டை ஊடுருவிய கரும்பாறைகளும், ஜிம்பாப்வே பக்கத்து உம்கொண்டோக் கரும்பாறைகளும் ஏறத்தாழ 110 கோடி ஆண்டுக்கு முன் ஒரே காலத்தில் எழுந்தவை. யுட்டுல்ஸ்ட்ராமென் என்ற பெரிய பனியாற்றைத் தாண்டினால், ஏறக்குறைய அதே காலத்தில் நெருக்குண்டு மடங்கிய பாறை வரிசை தொடங்குகிறது. நேட்டால் தென்கரையின் அடித்தளப் பாறைகளின் தொடர்ச்சி அது என்பது நிலவியலாளர் பலரின் கருத்து. வயது, மடிப்பு, ஊடுருவல், பாறையில் பதிந்த காந்தத் திசை ஆகிய பலவும் பொருந்திய பிறகு எட்டிய முடிவு இது. தனியாக ஒரு கல்லின் நிறத்தையும் மினுக்கத்தையும் வைத்து எட்டியதன்று.

ஆகவே, தமிழகம் இருக்கும் நிலப்பாளமும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்தது உண்மை. கோண்டுவானா என்னும் அந்தப் பெருநிலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவின் எண்டர்பி லாண்ட் பக்கத்தை ஒட்டிக் கிடந்தது. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 13 கோடி ஆண்டு ஆகிறது. அப்போது மனிதரும் இல்லை, மொழியும் இல்லை. குமரிக்கண்டத்தோடு பிணைத்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரோ, லெமூர் என்ற விலங்குகளின் பரவலை விளக்குவதற்காக 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் இட்டது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் இடையில் ஒரு கண்டம் மூழ்கியதாகக் கொள்ளும் தேவை நிலவியலுக்கு இல்லாமல் போயிற்று. கடல்கோள் பற்றிய பழைய இலக்கிய நினைவுகளை ஆராய்வதற்கு வேறு முறைகள் உண்டு. அவற்றுக்குப் பல்லாவரத்துக் கல்லைச் சாட்சிக்கு அழைப்பது கல்லுக்கும் நியாயமன்று, இலக்கியத்துக்கும் நியாயமன்று.

தங்கள் பேத்தி துருவத்துக்குப் போக விரும்பினால், அதற்குமுன் போர்ட் எட்வர்ட் கடற்கரைக்குப் போய்வரட்டும். அங்கே எண்டர்பைட் என்ற கல் இருக்கிறது. சார்னோகைட் இனத்தைச் சேர்ந்த அந்தக் கல்வகைக்கு, எண்டர்பி லாண்டிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து 1936இல் டில்லி என்ற பாறையியலாளர் அப்பெயரை இட்டார். கல்கத்தாக் கல்லறைக்குப் போன பல்லாவரத்துக் கல்லின் குடும்பப் பெயரும் அண்டார்க்டிகாவின் ஊர்ப்பெயருமாக அது நேட்டால் கரையில் அலையடித்துக் கிடக்கிறது. நீர் வற்றும் நேரம் பார்த்துப் போகச் சொல்லுங்கள். சுத்தியல் வேண்டாம், திசைகாட்டியும் பென்சிலும் குறிப்பேடும் போதும். ஒரே பாறையில் நாள் முழுவதும் உட்கார்ந்து, அதன் வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எவ்வளவு சாய்கின்றன, எந்த நரம்பு எதை வெட்டுகிறது என்று வரைந்து, படத்தின் ஓரத்தில் வடக்கு எது, மேல் எது என்று குறித்து எனக்கு அனுப்பட்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, நான் படித்துப் பதில் எழுதுகிறேன்.