30,000 வெள்ளியில் கனவுக் கார்: இ90-ஆ, சிவிக் எஃப்டி-யா, சத்ரியா நியோவா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன். வயது 26. செம்பனை ஆலையில் வேலை, மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். ரொக்கமாக 30,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன், கடன் வாங்க விருப்பமில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் மேல் ஆசை. 2008-ஆம் ஆண்டு இ90 320ஐ ஒன்று 24,000-க்கு வந்திருக்கிறது. நண்பர்கள் 28,000-க்கு 2009 ஹோண்டா சிவிக் எஃப்டி 2.0 எடுக்கச் சொல்கிறார்கள். 2010 புரோட்டோன் சத்ரியா நியோ சிபிஎஸ் மேனுவல் 17,000-க்கு ஒன்று பார்த்தேன். வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வர 3 கிலோமீட்டர் செம்மண் பாதை. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, மூன்றுமே ஓட்டத் தெரிந்தவர்கள் விரும்பும் கார்கள். ஆனால் இந்த விலைகளில் பார்த்தால், நண்பர்கள் பாதுகாப்பானது என்று சொல்லும் சிவிக்தான் உங்களுக்கு அதிக ஆபத்து. காரில் குற்றமில்லை. அதை வாங்கியபின் உங்கள் கையில் 2,000 வெள்ளிதான் மிஞ்சும்.

பதினைந்து வருடம் தாண்டிய எந்தக் காரும் முதல் ஆண்டில் பணம் கேட்கும். முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அதனால் 30,000-ஐ இப்படிப் பிரியுங்கள்: காருக்கு 20,000 வரை, முதல் ஆண்டுப் பழுதுக்கு 7,000, மீதி 3,000 இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், பெயர் மாற்றம், டயருக்கு. இன்சூரன்ஸில் ஒரு விஷயத்தை இளைஞர்கள் பலர் கவனிப்பதில்லை. என்சிடி, அதாவது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவு, காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. விற்பவர் 55 விழுக்காடு வாங்கிக்கொண்டிருந்தாலும் நீங்கள் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் சேர்த்த என்சிடியையும் காருக்கு மாற்ற முடியாது. முதல் ஆண்டு முழுத் தொகை, அடுத்த ஆண்டு 25 விழுக்காடு கழிவு, பிறகு 30, 38.33, 45, 55 என ஏறும்.

ரோட் டாக்ஸில் நியோவின் 1,597 சிசிக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. இ90 320ஐ 1,995 சிசி, 377.50 வெள்ளி. சிவிக் 2.0-வுக்கு 379. இந்த வித்தியாசத்தைப் பார்த்துக் கார் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் "கொஞ்சம் கூடப் போட்டால் 325ஐ கிடைக்குமே" என்று யாராவது சொன்னால், 2,497 சிசிக்கு 877 வெள்ளி என்பது நினைவிருக்கட்டும்.

இனி உங்கள் ஆசைக்கு வருவோம். 2008 இ90 320ஐ-யில் இருப்பது என்46 என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் பெரிய பலவீனம் வால்வு ஸ்டெம் சீல். வெப்பத்தில் இந்த ரப்பர் சீல்கள் கெட்டியாகிப்போகும், எண்ணெய் வால்வுத் தண்டு வழியே கசிந்து எரிய ஆரம்பிக்கும். சும்மா ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் ஐந்து நிமிடம் ஐடிலில் நிற்க விடுங்கள். பிறகு ஒருவரைக் காருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு எக்ஸிலேட்டரை அழுத்துங்கள். எக்ஸாஸ்டில் நீலப் புகை குபுக்கென்று வந்தால் சீல் போய்விட்டது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே சீலை மாற்ற தனிக் கருவி உண்டு. அந்தக் கருவி கையில் உள்ள, பிஎம்டபிள்யூவே பார்க்கும் பட்டறையில்தான் இதைக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அதற்கு ஈப்போவரை போக வேண்டியிருக்கும். மீதமிருக்கும் 6,000-இல் பெரும்பகுதியை இந்த ஒரு வேலையே விழுங்கிவிடலாம்.

அடுத்தது குளிர்விக்கும் அமைப்பு. கூலண்ட் தொட்டி, குழாய் இணைப்புகளெல்லாம் பிளாஸ்டிக். வருடங்கள் போகப் போக நொறுங்கும். இ90 டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது என்பது இதைவிட முக்கியம். எச்சரிக்கை விளக்கு எரியும்போது சூடு ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். அந்த விளக்கு எரிந்தால் "வீடு பக்கம்தான், போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஓட்டாதீர்கள், அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து வால்வு கவர் கேஸ்கெட், எண்ணெய் ஃபில்டர் பொருந்தும் இடம், வேக்குவம் பம்ப் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தால் அதையும் விலை பேசும்போது கணக்கில் சேருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால், டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் பஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த பஷ்ஷுக்குள் எண்ணெய் இருக்கும். கிழிந்தால் எண்ணெய் வடிந்து ஆர்ம் ஆடத் தொடங்கும்.

உங்கள் பாதைக்கென்று ஒரு சங்கதி. இ90-இல் ஸ்பேர் டயர் இல்லை. ரன்-ஃபிளாட் டயர் என்ற நம்பிக்கையில் வடிவமைத்தது. காற்று போனாலும் மெதுவாக ஓட்டிக்கொண்டு வரலாம், உண்மைதான். ஆனால் அந்த டயரின் பக்கச்சுவர் கல் மாதிரி. செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு லோரிகள் குழியாக்கி வைத்த செம்மண் பாதையில் அடி நேராக ரிம்மில் விழும், ரிம் வளையும். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் குழியின் ஆழமும் தெரியாது. சாதாரண டயராக மாற்றி, டயர் பம்பும் பிளக் கிட்டும் பூட்டில் வைத்துக்கொள்வதே நல்லது. காரின் அடியில் உள்ள தகடு முழுதாக இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

இவ்வளவு சொன்னாலும் இ90 வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கார் ஒரு வாரம் பட்டறையில் கிடந்தாலும் வேலைக்குப் போவது நிற்காது. இப்படிப்பட்ட காரை ஆசைப்பட்டு வைத்திருக்க இதைவிட நல்ல நிலை இல்லை. புகைச் சோதனையில் தேறி, விற்பவர் 20,000-க்கு இறங்கி வந்தால் எடுங்கள். 24,000-இலேயே நின்றால் விட்டுவிடுங்கள், வேறொன்று வரும்.

சிவிக் எஃப்டி 2.0 நல்ல எஞ்சின், டைமிங் செயின், பாகங்களும் எளிதில் கிடைக்கும். உங்கள் தொகைக்குள் வேறொன்று மலிவாக வந்தால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, டகாட்டா ஏர்பேக். இந்தப் பழுதான ஏர்பேக்குகளை மாற்ற கார்களைத் திரும்ப அழைத்தபோது (ரீகால்) இந்தத் தலைமுறை சிவிக்கும் அதில் சேர்ந்தது. ஏர்பேக்கை ஊதும் பழைய இன்ஃபிளேட்டர் வெடித்தால் உலோகத் துண்டுகள் முகத்தில் பாயும், உயிரே போகும். சாசி எண்ணைக் கொடுத்து ஹோண்டா சேவை மையத்தில் கேளுங்கள், மாற்றித் தருவது இலவசம். இரண்டு, எஞ்சின் எண். எஃப்டி வாங்கும் இளைஞர்கள் ஹாஃப்-கட் எஞ்சினை, அதாவது வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின் எஞ்சினை, இறக்கிப் போடுவது சகஜம். கிரானில் (கார் உரிமைச் சான்றிதழ்) உள்ள எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் புஸ்பாகோம் வாகனச் சோதனை மையத்தில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை தேறாது, பெயர் மாற்றவும் முடியாது. மூன்று, பின் டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மெண்ட் கெட்டிருக்கிறது, அல்லது ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். தாழ்த்திய கார் உங்கள் செம்மண் பாதைக்கு ஆகாது.

நியோவை யாரும் கனவுக் கார் என்று சொல்ல மாட்டார்கள். அது அநியாயம். 125 குதிரைத்திறன், லேசான உடம்பு, பின்பக்கம் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், ஐந்து கியர் மேனுவல். திருப்பங்களில் அது சாலையைப் பிடிக்கும் விதம் இரு மடங்கு விலைக் கார்களில் பலவற்றுக்கு வராது. 17,000-க்கு வாங்கினால் 13,000 மிஞ்சும், சுங்கை சிப்புட்டிலேயே பழுது பார்க்கலாம். பின் சீட்டில் தலை இடிக்கும், பவர் விண்டோ அடிக்கடி படுத்தும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேம்ப்ரோ எஞ்சினில் டைமிங் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்துவிடும். எப்போது மாற்றினார்கள் என்று ரசீது காட்டாவிட்டால், வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பெல்ட்டுக்குக் கழற்றும் அதே வேலையில் பம்பும் முடிந்துவிடும். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக இறக்குங்கள். கர்ரென்று உரசினால், கியரை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள், சில சத்தமும் புகையும் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் வெளிப்படும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய கார். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரான டயர்.

சம்போங் பாயார், அதாவது இன்னொருவர் பெயரில் உள்ள கார் கடனை நீங்கள் தொடர்ந்து கட்டி ஓட்டும் ஏற்பாடு, அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டினாலும் கார் அவர் பெயரில்தான் இருக்கும். பேங்க் இழுத்துக்கொண்டு போகலாம், உங்கள் பணம் திரும்பாது. முன்பணம் கொடுக்கும் முன் கிரானின் அசலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சம்மன் நிலுவையால் வண்டி கருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் சோதியுங்கள். பெயர் உங்களுக்கு மாறும் வரை மீதித் தொகை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.