டெக் பிரிவு படித்த மகளுக்கு சொப்ட்வெயார்தானா ஒரே வழி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பப் பிரிவு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியும் மோசமில்லை. ஆனால் கனடாவில் இருக்கும் மாமா, "டெக் படித்த பிள்ளையை யார் மதிப்பான், தனியார் கம்பஸில் சொப்ட்வெயார் டிகிரிக்குப் போடுங்கோ" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். நகையை ஈடு வைத்து முதல் தவணையைக் கட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

பயம் விளங்குகிறது அக்கா. ஆனால் கட்டாதீர்கள். கோடிங் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டாள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிகிறதென்று ஒரு சென்சரை வாங்கி மூடியில் பொருத்தி, அது ஏன் சில நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று சாப்பாடு மறந்து உட்கார்ந்திருந்தாள் என்பதையும் எழுதுகிறீர்கள், அதுவும் ஒரு குறையாக! அந்தப் பிள்ளைக்கு இருப்பது இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளக்கும் கருவிகளைப் பொருத்திச் சரிபார்க்கும் கருவியியல் மூளை.

கொலன்னாவைப் பக்கம் போனால் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். இந்த மாதிரித் தாங்கிக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று எப்படி அறிவது? உலகெங்கும் பழகிய ஒரு முறை, மேலிருந்து அடிவரை ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, அதன் உச்சியில் ரேடாரைப் பூட்டி, குழாய்க்குள் மைக்ரோவேவ் அலையை இறக்குவது. குழாயின் பக்கவாட்டில் துளைகள் இருப்பதால் வெளியே உள்ள அதே மட்டம்தான் உள்ளேயும். அலை எண்ணெயில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம். பத்து மீற்றர் கீழே போய் வர 70 நனோ செக்கனுக்கும் குறைவு. பெற்றோலோ அந்த அலையின் சக்தியில் ஏறத்தாழ 3 வீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், அந்த மெல்லிய எதிரொலியை வெல்டிங் தையலும் துருவும் தரும் போலி எதிரொலிகளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

இதைவிடச் சுவையான சிக்கல் ஒன்று இருக்கிறது. உலோகக் குழாய்க்குள் அலை வெளியில் போகிற வேகத்தில் போவதில்லை. 10 கிகாஹேட்ஸ் அலை 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயில் வழக்கமான முறையில் போனால் ஏறக்குறைய 1.6 வீதம் மெதுவாகும். குழாயின் உள்விட்டத்தைக் கருவிக்குச் சொல்ல மறந்தால் பத்து மீற்றரில் 16 சென்ரிமீற்றர் பிழை, அலை பிந்தி வருவதால் மட்டம் குறைவாகக் காட்டும். 30 மீற்றர் அகலத் தாங்கியில் அது ஒரு லட்சம் லீற்றருக்கு மேல்! இதைக் கண்டுபிடித்துத் திருத்துகிறவருக்கு எந்தத் தொழிற்சாலை சம்பளம் கொடுக்காது? எண்ணெய் மட்டுமில்லை, மின்நிலையம், பால் தொழிற்சாலை, நீர் சுத்திகரிப்பு என்று எங்கேயும் அளக்காமல் வேலை நடக்காது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் ஹோமாகம பிட்டிபனவில் இருக்கிறது, அங்கே இன்ஸ்ட்ருமென்டேஷன் அன்ட் ஒட்டோமேஷன் பட்டம் இருக்கிறது, உங்கள் மகளின் பிரிவிலிருந்துதான் பிள்ளைகளை எடுக்கிறார்கள். அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் கிடையாது. பஸ் காசு, சாப்பாடு, ஒரு லப்டொப், அவ்வளவுதான் பார்க்க வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில், அதற்கு இப்போதே தயாராகட்டும். இடம் கிடைக்காவிட்டால் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையில் 5, 6ஆம் மட்ட டிப்ளோமா செய்து இரத்மலானையிலுள்ள யுனிவொடெக் என்ற அரச தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்துக்கு ஏறலாம், அதுவும் கடன் இல்லாத வழிதான்.

பொம்பிளைப் பிள்ளை ஏணியில் ஏறி வெயிலில் நிற்பதா என்று கேட்பார்கள். நிற்கத்தான் வேண்டும். அவள் ஏற்கெனவே உங்கள் மாடியில் நின்றவள்தானே. மாமாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முழுக் கட்டணத்தையும் அவர் கட்டுகிறாரா? இல்லையென்றால் பேச்சை அத்தோடு விடுங்கள். கட்டுகிறேன் என்றாலும் பிடிக்காத படிப்புக்கு அந்தக் காசு வேண்டாம். யூ.ஜீ.சி.யின் (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) அனுமதி விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் போடும்போது மகளே போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து இலக்கங்கள் சரியா என்று மட்டும் பாருங்கள்.