குயில்ட் மெஷினும் அறுகிற நூலும்: கேள்வி பதில்

வீட்டில் குயில்ட் (மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைக்கும் மெஷின், அதன் ஊசி, நூல், டென்ஷன் (நூலின் இறுக்கம்) பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். நூல் அறுகிறது என்று எழுதுபவர்கள் மூன்று விவரம் சேர்த்து எழுதுங்கள்: ஊசியின் எண், நூலின் வகை, அறுந்த நுனி பார்க்க எப்படி இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம்.

ஈரோடு: இதுவரை பிளவுஸும் பையும்தான் தைத்திருக்கிறேன். இனி டபுள் காட் குயில்ட் தைக்க ஆசை. 25,000 ரூபாய்க்குள் எந்த மெஷின் வாங்கலாம்? 200 டிசைன் உள்ள மெஷினைக் கடைக்காரர் காட்டுகிறார்.

டிசைன் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். குயில்ட்டுக்கு நேர்த்தையலும் ஒரு ஜிக்ஜாகும் போதும். நீங்கள் அளக்க வேண்டியது ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவே உள்ள இடத்தை. சாதாரண வீட்டு மெஷினில் அது 16 செ.மீ. அளவில் இருக்கும்.

அது ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டபுள் காட் குயில்ட் 90 அங்குல அகலம். நடுவில் தைக்கும்போது பாதி, அதாவது 45 அங்குலம், சுருண்டு அந்த இடைவெளிக்குள் உட்கார வேண்டும். மேல்துணி, பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு), அடித்துணி மூன்றும் சேர்ந்து 5 மி.மீ. கனம் என்றால், இறுக்கிச் சுருட்டினாலே எட்டரை செ.மீ. உருளை. கையால் சுருட்டினால் 11 செ.மீ. வந்துவிடும். 16-இல் 11 போனால் உங்கள் கை அசைய மிச்சம் 5 செ.மீ. அதே வேலை 22 செ.மீ. மெஷினில் 11 செ.மீ. இடத்தில் நடக்கும்.

22 செ.மீ. வகையில் பெயர் பெற்றவை ஜூகி டிஎல் வரிசை, பிரதர் பிக்யூ 1500, ஜானோம் எச்டி 9 போன்றவை. நேர்த்தையல் மட்டும் போடும். நிமிடத்துக்கு 1,500 தையல் அளவு வேகம். உங்கள் தொகைக்கு இவை புதிதாகக் கிடைக்காது. அதனால் 16 செ.மீ. மெஷினையே வாங்கி, குயில்ட்டை மூன்று நீளப் பட்டைகளாகத் தனித்தனியே தைத்துக் கடைசியில் இணையுங்கள். டபுள் காட் அளவுக்கு இது நல்ல வழி.

வாங்கும்போது இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கும் வசதி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு, ஊசி மேலே நிற்கவா கீழே நிற்கவா என்று தேர்ந்தெடுக்கும் பட்டன், வேகத்தைக் கட்டுப்படுத்தும் நகர்த்தி, பக்கத்தில் பொருத்தும் மேசைப் பலகை. வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் ஃபுட்) அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்பதையும் அன்றைக்கே கேளுங்கள். பிறகு தேடினால் அலைச்சல்தான். கடைக்குப் போகும்போது ஒரு அடி சதுரத்தில் உங்கள் மூன்று அடுக்குத் துணியையும் உங்கள் நூலையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் தரும் ஒற்றை அடுக்கு வெள்ளைத் துணியில் எல்லா மெஷினும் அழகாகத்தான் தைக்கும்.

தஞ்சாவூர்: பற்களை இறக்கிவிட்டு வளைவு வளைவாகத் தைக்கிறேன். பத்து செ.மீ.க்கு ஒருமுறை மேல்நூல் அறுகிறது. ஊசி 11, கடையில் கிடைத்த பருத்தி நூல் 40. நுனி பஞ்சு போலப் பிசிறியிருக்கிறது. மெஷினையே மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். நுனியை எழுதியதற்கு நன்றி, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

நுனி பிசிறியிருந்தால் ஊசியின் கண்ணில் உரசுகிறது. கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் எங்கோ உலோகத்தில் கீறல் இருக்கிறது: ஊசி இறங்கும் பிளேட்டின் துளையிலோ, கீழே நூலைப் பிடிக்கும் ஹூக்கிலோ, அடிநூல் உருளை (பாபின்) உட்காரும் பாபின் கேஸிலோ. நீண்டு சுருண்டிருந்தால் டென்ஷன் அதிகம், அல்லது நூல்கண்டின் விளிம்பு வெட்டில் நூல் மாட்டி இழுபடுகிறது. நுனியில் சின்ன உருண்டை உருகி நின்றால் அது செயற்கை நூல், ஊசி சூடாகிறது.

ஒரு தையலுக்குச் செலவாகும் நூல் ஐந்தாறு மி.மீ. ஆனால் பாபினைச் சுற்றிவர ஒவ்வொரு முறையும் ஆறேழு செ.மீ. நூல் கீழே இறங்கி மேலே ஏறுகிறது. ஆகவே நூலின் ஒரே இடம் துணியில் அமர்வதற்குள் பத்துத் தையல் அளவுக்கு ஊசிக்கண்ணிலும் துணியிலும் மேலும் கீழும் உரசுகிறது. 11 எண் ஊசிக்கண் 40 எண் நூலுக்குக் குறுகல். பத்துத் தரம் உரசினால் பிசிறாமல் என்ன செய்யும்?

இந்த வரிசையில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரை மீட்டர் தைத்துப் பார்த்து, பிறகு அடுத்தது.

முதலில் ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூலை முழுக்க எடுத்து மறுபடி கோருங்கள். ஃபுட் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. கோர்த்தபின் ஃபுட்டை இறக்கி நூலை இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும். தூக்கினாலும் இறக்கினாலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை.

அடுத்து ஊசி. டாப்ஸ்டிச் ஊசி 14 போடுங்கள். பெட்டியில் 90/14 என்று இருக்கும். 90 என்றால் 0.9 மி.மீ. தடிப்பு. கண்ணும் பள்ளமும் பெரியவை. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று கணக்கு வையுங்கள். முனை நன்றாகத் தெரிகிறதே என்று ஓட்டாதீர்கள். தேய்வது முனை மட்டுமல்ல, கண்ணும்தான்.

மூன்றாவது, மேல் டென்ஷனை 4-லிருந்து 3, தேவையானால் 2. நான்காவது, நூலையே சோதியுங்கள்: ஒரு அடி நூலைக் கையில் பிடித்துச் சுண்டி இழுத்தால் பட்டென்று அறுந்தால் அது பழைய நூல், தூக்கிப் போடுங்கள். ஐந்தாவது, பிளேட்டைக் கழற்றித் தூசியைத் துடையுங்கள். பேட்டிங் தைத்தால் ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் துடைக்க வேண்டும்.

கடைசியாகக் கை வேகம். கால் மெதுவாக, கை வேகமாகப் போனால் துணி ஊசியை இழுத்து வளைக்கும். வளைந்த ஊசி பிளேட்டில் இடிக்கும், பிளேட்டில் கீறல் விழும், பிறகு எந்த நூல் போட்டாலும் அறுகும். மெஷினை நடுவேகத்தில் வைத்துக் கையை மெதுவாக்குங்கள்.

கோயம்புத்தூர்: தையற்கடைகளில் இருக்கும் பவர் மெஷின் வாங்கிக் குயில்ட் தைக்கலாமா?

துண்டுகளை இணைக்க அருமை. வளைவுத் தையலுக்கு ஒத்துவராது, பற்களை இறக்கும் வசதி இருக்காது. வாங்கினால் வேகத்தைக் கட்டுப்படுத்த முடிகிற சர்வோ மோட்டாராக வாங்குங்கள். பவர் மெஷின் ஊசி உருண்டைத் தண்டு, வீட்டு மெஷின் ஊசி தட்டைத் தண்டு; ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது.

நியூ ஜெர்சி: சென்னைக்குத் திரும்புகிறோம். இங்கே வாங்கிய மெஷினைக் கொண்டுவரலாமா?

பின்னால் உள்ள தகட்டைப் படியுங்கள். 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றினால் போதும். 120 மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மெஷினின் வாட்ஸைப் போல் இரண்டு மடங்கு திறனில் வாங்குங்கள். பயணத்துக்கு விற்கும் கையடக்கக் கன்வர்ட்டர் வேண்டவே வேண்டாம். 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஒரு நொடியில் போர்டு போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி அந்த ஒயரிலேயே எழுதி ஒட்டுங்கள்.

மதுரை: நூல் அடிக்கடி அறுகிறது. என்ன செய்வது?

தஞ்சாவூர் பதிலைப் பாருங்கள். ஊசி எண், நூல் வகை, அறுந்த நுனி எப்படி இருக்கிறது, மூன்றையும் எழுதுங்கள்.

யாழ்ப்பாணம்: அம்மாவின் பழைய கால் மெசின் இருக்கிறது. அதில் குயில்ட் தைக்கலாமோ?

தாராளமாகத் தைக்கலாம். சிறிய ஒற்றைத் துளை பிளேட் என்பதால் நேர்த்தையல் புது மெஷினைவிட அழகாக விழும். பற்களை இறக்க முடியாவிட்டால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பற்களின்மேல் ஊசிக்குத் துளையிட்ட வழுவழுப்பான தடித்த அட்டையை ஒட்டுங்கள். ஊசி மாட்டும்போது கவனம்: பழைய மெசின்களில் தட்டைப் பக்கம் பின்னோக்கி இருக்காது, பக்கவாட்டில் இருக்கும். விதி ஒன்றுதான். தட்டைப் பக்கம் ஹூக்கைப் பார்க்க வேண்டும், நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூலைக் கோர்க்க வேண்டும்.

சேலம்: மெஷின் இறுகி ஓடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது. மார்கழிக் குளிரில் உறையும், மற்ற மாதங்களில் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் மட்டும், ஒரு இடத்துக்கு ஒரு சொட்டு. மேலிருந்து பாபின் போடும் மெஷினில் பிளாஸ்டிக் பாபின் கேஸுக்கு அதுவும் வேண்டாம்.

சென்னை: பாலியெஸ்டர் நூல் பருத்தித் துணியை நாளடைவில் அறுத்துவிடும் என்கிறார்களே. பருத்திக் குயில்ட்டுக்குப் பருத்தி நூல் மட்டும்தானே சரி?

அப்படி ஒரு விதி இல்லை. தையல் ஓரமாகத் துணி கிழிந்திருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். 1.5 மி.மீ. தையல் போட்டால் துணியில் தபால்தலை ஓரம்போல வரிசையாகத் துளை விழுகிறது. தேவைக்கு மேல் தடித்த ஊசி, இறுகிய டென்ஷன், துணிக்குள் தங்கிய மணல் தூசி, இவைதான் அறுப்பவை.

கரூர்: சரியாகச் சொன்னீர்கள். இங்கே ஏற்றுமதி மெத்தை விரிப்புகளுக்குக் கோர்ஸ்பன் (நடுவே இழை, மேலே நார் சுற்றிய) பாலியெஸ்டர் நூல்தான். பருத்தி நூலில் தைத்தால் நூல் அறுந்தே நேரம் போகும்.

சென்னை: ஏற்றுமதிச் சரக்கு வேறு, பரம்பரையாக வைத்திருக்கும் குயில்ட் வேறு. நூல் துணியைவிட வலுவாக இருந்தால், இழுபடும்போது நூல் தாங்கும், துணி கிழியும். நூல் போனால் மறுபடி தைக்கலாம். துணி போனால்?

இது நியாயமான வாதம், துண்டுகளை இணைக்கும் தையலுக்கு. அங்கே நானும் 50 எண், இரண்டு புரி மெல்லிய பருத்தி நூலைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு முதல் காரணம் கனம். கால் அங்குலத் தையலை மடித்து இஸ்திரி போடும்போது, தடித்த நூல் ஒவ்வொரு மடிப்பிலும் அரை மி.மீ. தின்றாலும் 24 இணைப்பில் 12 மி.மீ. குறைந்துவிடும். மூலைகள் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இதனால். பருத்தியா பாலியெஸ்டரா என்பதைவிட நூல் எவ்வளவு மெல்லியது என்பதைத்தான் அங்கே பார்க்க வேண்டும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் தையலில் இழுவை பரவலாகப் போகும். அங்கே எது வேண்டுமானாலும் போடலாம்.

சென்னை: இஸ்திரிச் சூட்டில் பாலியெஸ்டர் உருகாதா?

பருத்திக்கான இஸ்திரிச் சூடு 200 டிகிரி அளவு. பாலியெஸ்டர் உருகுவது 250-க்கு மேல். உருகாது.

சிங்கப்பூர்: கண்ணுக்குத் தெரியாத நூல் எப்படி?

நைலானில் வாங்காதீர்கள், மஞ்சளாகி நொறுங்கும். பாலியெஸ்டரில் வாங்கி, மேல் டென்ஷனை 1 அல்லது 2-இல் வைத்து, கீழே மெல்லிய பருத்தி போடுங்கள்.

கரூர்: அப்படியானால் பாலியெஸ்டரில் குறையே இல்லை என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பாலியெஸ்டர் இழுபடும். பாபினில் முழுவேகத்தில் சுற்றினால் நீண்ட நிலையிலேயே சுற்றிக்கொள்ளும். தைத்தபின் பழைய நீளத்துக்குச் சுருங்கும், துணியும் கூடவே சுருங்கும். டென்ஷனை எவ்வளவு திருப்பினாலும் அந்தச் சுருக்கம் போகாது. பாபினைப் பாதி வேகத்தில் சுற்றுங்கள். இந்த விவாதம் இதோடு போதும், கேள்விகள் காத்திருக்கின்றன.

திருச்சி: நூல் அறுகிறது, 14 ஊசி, புதிது. 5,000 மீட்டர் கோன் நூல். நுனி சுருண்டிருக்கிறது.

கோனை மெஷின்மேல் உள்ள கம்பியில் படுக்க வைத்திருப்பீர்கள். கோன் அசையாமல் நிற்க வேண்டும், நூல் நேர் மேலே எழ வேண்டும். தனி ஸ்டாண்டை மெஷினுக்குப் பின்னால் வையுங்கள். சின்னக் கண்டுக்கும் ஒரு வார்த்தை: நூல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தால் கண்டின் தலைவழியே உருவ வேண்டும், அடுக்கடுக்காக நேராகச் சுற்றியிருந்தால் கண்டு சுழன்று பக்கவாட்டில் வர வேண்டும்.

வேலூர்: மேல்நூல் அறுகிறது.

தஞ்சாவூர் பதில்.

திண்டுக்கல்: துணிக்கு அடியில் நூல் கூடுகட்டி, பிறகு அறுகிறது. பாபின் டென்ஷனைத் திருகலாமா?

திருகாதீர்கள். அடியில் கூடுகட்டினால் தவறு மேலே. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோருங்கள். தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூலையும் மேலே இழுத்து மூன்று தையல்வரை கையில் பிடித்திருங்கள். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால் மட்டும் பாபின் கேஸை நூலில் தொங்கவிடுங்கள்: தானாக இறங்கக் கூடாது, லேசாகச் சுண்டினால் மூன்று நான்கு செ.மீ. இறங்க வேண்டும்.

நாகர்கோவில்: உள்ளே இலவம்பஞ்சு வைத்துத் தைக்கலாமா?

தலையணைக்கு நல்லது. குயில்ட்டில் தையல் துளை வழியே வெளியே வரும், ஹூக் முழுக்க அடையும்.

பெங்களூரு: எம்பிராய்டரியும் செய்யும் மெஷினில் எந்த சாஃப்ட்வேர் நல்லது?

என் துறை இல்லை. எம்பிராய்டரி செய்பவர்களிடம் கேளுங்கள்.

திருநெல்வேலி: நீங்கள் சொன்ன ஐந்தும் செய்தேன். நூல், ஊசி மாற்றினேன். நுனி வெட்டினாற்போல இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

கீறல்தான். மின்சாரத்தைத் துண்டித்து, பிளேட்டைக் கழற்றித் துளையின் உள்விளிம்பில் ஒரு நைலான் காலுறைத் துண்டைத் தேய்த்துப் பாருங்கள். மாட்டும் இடம் தெரிந்துவிடும். 1,500 எண் எமரித் தாளை நூல்போலக் கிழித்துத் துளைக்குள் விட்டு, வழுவழுப்பாகும்வரை இழுங்கள். அதே சோதனையைப் பாபின் கேஸின் விளிம்பிலும் செய்யுங்கள். ஹூக்கின் கூர்முனையில் மட்டும் எமரி படக் கூடாது. அது தேய்ந்தால் தையல் விட்டுவிட்டு விழும். கீறல் ஹூக்கில் என்றால், அல்லது சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஹூக் ஊசியின் பின்பக்கக் குழிவைத் தாண்டிப் போகிறது என்றால், மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். போகும்போது அறுந்த நூலையும் அந்த ஊசியையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள்.