வீட்டிலிருந்து வேலை: இரவு பத்து மணி வாட்சாப்புக்கு ஓவர்டைம் உண்டா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் என் வீட்டில் இருந்தபடியே, பாயான் லெப்பாஸ் கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கையாளர் சேவை வேலை செய்கிறேன். சம்பளம் 3,120 ரிங்கிட். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. ஆனால் பிள்ளையைத் தூங்க வைக்கும்போதுதான் மேனேஜர் வாட்சாப்பில் ரிப்போர்ட் கேட்பார். ஓவர்டைம் கேட்டால், "வீட்டில்தானே இருக்கிறீர்கள், பினாங்குப் பாலம் கடக்கிற நேரம் மிச்சம்தானே" என்கிறார். எனக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சகோதரி. பாலத்து நெரிசலில் மாட்டாதது உங்களுக்குக் கிடைத்த லாபம். அதை வேலையாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் நேர வரம்பு ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஒன்றுதான். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்தது, 2023 ஜனவரி 1 முதல் 45 ஆகக் குறைந்தது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு ஓவர்டைம் உரிமை உண்டு. உங்கள் கணக்கு இது: 3,120ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 120. சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 15. சாதாரண நாளில் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 22 ரிங்கிட் 50 சென்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. ஓய்வு, சாப்பாட்டு நேரம் எல்லாம் சேர்த்து ஒரு நாள் வேலை பத்து மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உங்களுக்கு அது இரவு 7 மணி. அதற்குப் பிறகு வேலை வாங்கினால், 7 மணியிலிருந்து நீங்கள் வேலையை முடிக்கும் வரை முழு நேரமும் ஓவர்டைமாகக் கருதப்படும். பத்து மணிக்கு ரிப்போர்ட் கேட்டு, பத்தரைக்கு அனுப்பினால் அரை மணி இல்லை, மூன்றரை மணி. தொகை 78 ரிங்கிட் 75 சென். கம்பெனியின் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) இதை எதிர்த்து வாதாடத்தான் செய்யும். ஆனாலும் இந்தக் கணக்கை ஒருமுறை காட்டினால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

சிக்கல் சட்டத்தில் இல்லை, ஆதாரத்தில்தான். வீட்டில் பஞ்ச் கார்டு கிடையாது. அதனால் யார், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார், எப்போது முடித்துக் கொடுத்தீர்கள் என்று அன்றன்றே ஒரு நோட்டில் குறியுங்கள். வாட்சாப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் சொந்த இமெயிலுக்கு அனுப்பி வையுங்கள், ஆனால் வாடிக்கையாளர் விவரம் எதுவும் அதில் தெரியக் கூடாது. மேனேஜர் போனில் கேட்டால், "நீங்கள் இப்போது கேட்ட ரிப்போர்ட் இது" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். யாரும் கேட்காமல் நீங்களாகச் செய்த வேலைக்கு ஓவர்டைம் வாங்குவது கஷ்டம்.

இன்னொன்று, ஹெட்செட்டைக் காதில் மாட்டியபடியே தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறீர்களா? வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களில் பலர் அப்படித்தான். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். அந்த அரை மணி நேரம் மேசையை விட்டு எழுந்து போங்கள். கழுத்து வலிக்கு அதுதான் முதல் மருந்து.

பிள்ளைக்காக நேரத்தை மாற்றிக்கொள்ள விரும்பினால், காலை 7 முதல் 4 வரை என்று எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். வேலை நேரம், நாள், இடம் மூன்றையும் மாற்றக் கேட்கலாம். கம்பெனி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கட்டாயம் சம்மதிக்க வேண்டும் என்பதில்லை.

மேனேஜரிடம் வாய்ச்சண்டை வேண்டாம். ஒரு மாதக் குறிப்புகளைச் சேர்த்து எச்.ஆருக்கு இமெயில் அனுப்புங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் பினாங்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வைக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், அந்த நோட்டு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.